வாய் சின்னது, வயிறு பெரிசு

சித்தப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் மொட்டை மாடியைப் பார்க்காமல் திரும்பமாட்டார். கல்யாண வீடோ துட்டி வீடோ, வந்த காரியம் முடிந்த கையோடு மெல்ல நழுவி மேலே ஏறிவிடுவார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மூலைகளைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். இறங்கி வந்து, "இன்னும் ரெண்டு மழைதான் தாங்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பார். 1978-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாதரில் இறங்கியவர். தாராவியில் சொந்தக்காரர் ஒருவரின் கோலியில் பத்தாவது ஆளாகப் படுத்து, நாற்பது வருடம் மும்பை மாடிகளுக்கு வாட்டர்புரூஃபிங் போட்டவர். கோலி என்றதும் குண்டு விளையாட்டை நினைக்க வேண்டாம், இங்கே ஒற்றை அறை வீட்டுக்கு அதுதான் பெயர்.

அப்படிப்பட்டவரோடு நான் மலைக்குகைகளைத் தேடி அலைய ஆரம்பித்தது தற்செயல்தான். ஜனவரியில் ஊரிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். கேட்வே, மெரைன் டிரைவ், சித்திவிநாயக் எல்லாம் முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரிக்குக் கூட்டிப்போனேன், துணைக்கு சித்தப்பா. எரிமலைப் பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், அதுவும் மாநகர எல்லைக்குள்ளேயே. பிள்ளைகள் மூன்றாம் குகையின் வாசலில் நிற்கும் பெரிய புத்தரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவைக் காணோம். தேடிப் போனால், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு சின்னக் குகையின் திண்ணை ஓரம் குப்புறப் படுத்து, தரையிலிருந்த ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க வா. இது தொட்டி."

நானும் படுத்துப் பார்த்தேன். இரண்டடிக்கு இரண்டடி இருக்கும் அந்த ஓட்டை. உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் போய்ச் சேர நேரமாகிறது. குகைத் தரைக்கு அடியில், பாறையின் வயிற்றுக்குள், ஒரு அறை அளவுக்குத் தண்ணீர் கறுப்பாக நின்றது.

"வாய் சின்னது, வயிறு பெரிசு. வெயில் படாது, பாசி பிடிக்காது. ஆவியாப் போறதும் கம்மி. இந்த வாய் விளிம்புல ஒரு வெட்டு இருக்கு பாரு, மூடி உக்கார்றதுக்கு. நம்ம சின்டெக்ஸ்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்."

அதற்கப்புறம் அன்று நாங்கள் சிலை பார்க்கவில்லை. தொட்டி தொட்டியாகப் பார்த்தோம். ஒவ்வொரு குகைக்கும் பக்கத்தில் ஒன்றாவது இருந்தது. மேலே பாறை முகட்டில் விரலளவு காடி வெட்டி, மழைநீரை இழுத்து வந்து இவற்றில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போக வாய்க்கால். மும்பை மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அப்புறம் எட்டு மாதம் ஒரு சொட்டு கிடையாது. பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது அவர்கள் நியமம். மழைக்கு ஒதுங்க வந்த இடத்தில் வருடம் முழுக்க இருக்கவேண்டுமென்றால் அந்த நான்கு மாதத் தண்ணீரைப் பிடித்துவைத்தாக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து கான்ஹேரிக்கு ஐந்தாறு முறை போயிருக்கிறேன். தரையில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். கால் இடறாமல் தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "இது மாதிரி வேற எங்கன இருக்கு? காவக்காரன் இல்லாத இடமா சொல்லு. தொங்கிப் பாக்க விடமாட்டேங்கான்."

இந்தப் பக்கத்து மலைகளில் ஒரு விசித்திரம் உண்டு. கோட்டை இருக்கும் மலையில் குகை இருக்கும், அல்லது கோட்டைக்குக் கீழேயே இருக்கும். லோஹகட் கோட்டையை ஒட்டி பாஜா குகைகள். மன்மாட் பக்கம் அங்காய்–டங்காய் என்று இரட்டைக் கோட்டை, டங்காயின் இடுப்பில் சமணக் குகைகள். தௌலதாபாத்தில் கோட்டைக்காரர்களே பாறையைக் குடைந்து, எதிரி வழி தெரியாமல் முட்டி மோதிச் சாகட்டும் என்று இருட்டு வழி ஒன்றைச் செய்துவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. அது கோட்டைக்காரனின் தந்திரம். எனக்குப் பிடித்தது, பிக்கு குடைந்த வீட்டில் சிப்பாய் குடியேறிய மலைகள். அதில் முதல் இடம் ஜுன்னரை ஒட்டி நிற்கும் சிவனேரிக்குத்தான். சத்ரபதி சிவாஜி 1630-ல் பிறந்த கோட்டை என்றுதான் எல்லோருக்கும் அதைத் தெரியும். ஆனால் அந்த மலையைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் இருக்கின்றன. அவர் பிறப்பதற்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டியவை. ஜுன்னர் ஊரைச் சுற்றி லேண்யாத்ரி, மான்மோடி, துள்ஜா என்று எல்லா மலைகளையும் சேர்த்தால் குகைகள் இருநூறைத் தாண்டும். இந்தியாவில் வேறெந்த ஊரைச் சுற்றியும் இத்தனை இல்லை. மராத்திக்காரர்கள் இவற்றை லேணி என்பார்கள். தொட்டிக்கு டாக்கே. ஆங்கிலத்துக்கு 'டேங்க்' போனதே இந்தப் பக்கத்துச் சொல்லிலிருந்துதான் என்று அகராதிக்காரர்கள் சொல்வதுண்டு. சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும் அவருக்கு ஏதோ பாக்கி வசூலான மாதிரி சந்தோஷம்.

மார்ச் முதல் வாரம் கிளம்பினோம். டோம்பிவிலியிலிருந்து கல்யாண், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எஸ்.டி. ஸ்டாண்ட். அங்கிருந்து சிவப்பு பஸ். முர்பாட் தாண்டி மால்ஷேஜ் காட் ஏறி ஜுன்னர் போய்ச்சேர மத்தியானம் ஆகிவிட்டது. லாட்ஜ்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, இருட்டினால் கரும்புத் தோட்டப் பக்கம் நடக்காதீர்கள், பிபட்யா உண்டு என்றார். சிறுத்தை. ஜுன்னர் வட்டாரம் அதற்குப் பேர்போனது. கரும்புக்குள்ளேயே குட்டி போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. சித்தப்பா அன்று ராத்திரி பாத்ரூம் போவதற்குக்கூட என்னை எழுப்பினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிவனேரி. கீழே நின்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். தக்காணத்து மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தவை, கிட்டத்தட்ட ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால். ஒரு அடுக்கு கெட்டி, அடுத்தது கொஞ்சம் இளக்கம். இளகிய அடுக்கு அரித்துப்போக, கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும். கடா என்பார்கள் மராத்தியில். குகை குடைகிறவனுக்கு வேண்டியது அந்தச் செங்குத்து முகம்: விரிசல் இல்லாத, நேராக உள்ளே போகக்கூடிய கல். கோட்டைக்காரனுக்கு வேண்டியதும் அதே முகம்தான், ஏறமுடியாது என்பதால். சிவனேரியில் பெரும்பாலான பக்கங்களுக்கு மதிலே தேவைப்படவில்லை. ஏறக்கூடிய தென்மேற்குச் சரிவில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு வாசல்கள் வைத்து அடைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த வழி முழுக்க நல்ல படிக்கட்டு, பூந்தோட்டம், கம்பி வேலி. கோட்டை ஏறுகிற மாதிரியே இல்லை என்று நான் முணுமுணுத்தேன். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது வாசல் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்து சிவாய் தேவி கோயிலுக்குப் போகிறது. இந்தத் தேவியை வேண்டிப் பிறந்ததால்தான் ஜீஜாபாய் பிள்ளைக்குச் சிவாஜி என்று பெயர் வைத்தார் என்பது வழங்கும் கதை. கும்பிட வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் அந்தக் கடாவிலேயே ஆறேழு குகைகள் இருக்கின்றன. வௌவால் நாற்றம், தரையில் ஆட்டுப் புழுக்கை, சுவரெல்லாம் அம்பு விட்ட இதயங்கள். ஒரு குகைக்குள் நுழைந்தோம். நடுவில் கூடம், சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், அறைக்குள் பாறையிலேயே விட்டுவைத்த படுக்கை.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து டேப் எடுத்தார். அது இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை.

"ஏழடிக்கு ஏழடி கூட வரல. நம்ம கோலி பத்துக்குப் பத்துல்லா. அதுல பத்துப் பேரு." கல்படுக்கையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "நடுவுல பொதுவா ஒரு இடம், சுத்தி ரூம், வெளிய வராந்தா, ஓரத்துல தண்ணி. இது நம்ம சால்தாம்லா."

சொன்ன பிறகு எனக்கு வேறு மாதிரிப் பார்க்க வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகளை வரிசையாக அடுக்கிய கட்டடத்தில், விடியற்காலை நான்கரைக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டிலுள்ள ஹண்டா, பிம்ப், வாளி, கடைசியாகச் சோற்றுப் பானை வரைக்கும் நிரப்பியாக வேண்டும். கோலியின் மூலையில் மோரி என்று ஒரு முழ உயரத் தடுப்பு இருக்கும். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது எல்லாம் அதற்குள். தண்ணீர் பிடித்துவைப்பதுதான் குடித்தனம் என்று எங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிக்குகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை நான்கு மாதம் குழாய் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டிலும் இந்த மாதிரிக் கல்படுக்கைகள் நிறைய. மதுரையைச் சுற்றி மாங்குளம் போன்ற குன்றுகளில் தமிழி எழுத்தோடு சமணப் படுக்கைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். நாசிக்கில் உள்ள பௌத்தக் குகைகளுக்கு இங்கே பாண்டவ லேணி என்று பெயர். யார் குடைந்தது என்று மறந்துபோன இடத்துக்கெல்லாம் இரண்டு மாநிலத்திலும் பாண்டவர்களையே குடிவைத்துவிட்டோம். வனவாசம் போனவர்களுக்கு வாடகைப் பிரச்சினையே இருந்திருக்காது. ஆனால் நம் பக்கத்துச் சமணர் பெரும்பாலும் இயற்கையாக இருந்த பாறைப் பொந்தில் படுக்கையை மட்டும் செதுக்கிக்கொண்டார்கள். இங்கே பொந்தையே உளியால் உண்டாக்கியிருக்கிறார்கள். கூரையை முதலில் முடித்து, மெல்லக் கீழே இறங்கி, தரையைக் கடைசியில் சமன்செய்வது முறை. அப்படிச் செய்தால் சாரம் கட்டவேண்டியதில்லை, நிற்கிற கல்லே சாரம். தொட்டி வெட்டுவது இதைவிடச் சிரமம் என்றார் சித்தப்பா. சின்ன வாய் வழியாக இறங்கி, இருட்டில் குனிந்து நின்று, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போகவேண்டும். வெட்டிய சில்லை எல்லாம் அதே வாய் வழியாகக் கூடையில் மேலே அனுப்பவேண்டும்.

பக்கத்திலேயே ஒரு தொட்டி பாதி உடைந்து, உள்பக்கம் வெளியே தெரிந்தது. அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, சுவரும் தரையும் சேரும் மூலையை விரலால் தடவினார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

"வாட்டா இருக்கு."

வாட்டா என்பது அவர் தொழில் சொல். மாடியில் செங்கல் சில்லு அடுக்கிச் சாந்து ஊற்றிப் போடுவதற்குக் கோபா என்று பெயர். அந்தக் கோபா சுவரைத் தொடும் மூலையை நேர்கோணமாக விடக்கூடாது, உருண்டையாக வழித்துவிடவேண்டும். அந்த வளைவுதான் வாட்டா. கசிவெல்லாம் மூலையில்தான் தொடங்கும் என்பது அவர் வேதவாக்கு. இந்தத் தொட்டியின் மூலை வளைந்துதான் இருந்தது. உளி புகாத இடம் என்பதால் தானாக அப்படி வந்ததோ, தெரிந்தே விட்டார்களோ, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஜாயிண்டே கிடையாது பாரு. ஒரே கல்லு. ஜாயிண்ட் இல்லாத தொட்டி ஒழுகுறதுக்கு என்ன இருக்கு. நாங்க அம்பது வருசமா ஜாயிண்டோடதான் சண்ட போடுதோம்."

முன்சீப் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, இன்னும் தள்ளி ஒரு குகை தெரிகிறது, எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆட்டுத்தடத்தில் கிளம்பினேன். வேண்டாம் என்றார். கேட்கவில்லை. பத்தடி போனதும் சரளை வழுக்கி உட்கார்ந்தேன். உள்ளங்கை சிராய்ந்ததோடு போயிற்று. ஆனால் தோளில் தொங்கிய பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் கழன்று, துள்ளித் துள்ளி ஜுன்னர் ஊரைப் பார்க்கப் போய்விட்டது. ரெண்டு பாட்டில் எடுத்துக்க என்று காலையில் அவர் சொன்னதும், கனக்கும் என்று நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதும் இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மீதி வாசல்களை நாக்கு ஒட்டிக்கொள்ள ஏறினோம். மேலே சமவெளி மாதிரி விரிகிறது. இடிந்த தானியக் கிடங்கு ஒன்று, அம்பர்கானா என்று பெயர். வழிநெடுகத் தொட்டிகள். அதில் கங்கா, யமுனா என்று பெயர் வைத்த இரண்டு, எந்தக் கோடையிலும் வற்றாது என்கிறார்கள். 1670-களில் இந்தக் கோட்டைக்கு வந்துபோன ஜான் ஃபிரையர் என்ற ஆங்கிலேய வைத்தியர், ஆயிரம் குடும்பத்துக்கு ஏழு வருடம் காணும் அளவுக்கு இங்கே இருப்பு இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். தானியத்தை மாட்டின்மேல் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். தண்ணீரை எத்தனை நாள் ஏற்றுவது? முற்றுகை போட்டவன் கீழே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அதைத்தான். மேலே இருப்பவனுக்குச் சாதகமாக மலை முழுக்கத் தொட்டி இருந்தது, பாதியை அவன் வெட்டவே இல்லை.

முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் 'அரண்' அதிகாரம் மனப்பாடப் பகுதி. மணிநீரும் மண்ணும் மலையும் என்று தொடங்குகிற குறளில் தண்ணீர்தான் முதலில் வருகிறது, மலைகூட மூன்றாவதுதான். அடுத்தடுத்த குறள்களில் ஒன்று: "சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்." காக்கவேண்டிய இடம் சின்னதாக, உள்ளே இருக்கும் இடம் பெரிதாக இருக்கவேண்டும் என்று டீச்சர் உரை சொல்லி, நாங்கள் ஒப்பித்து, பத்துக்குப் பத்து வாங்கினோம். அந்த வெயிலில், ஏழு வாசல் தாண்டி வந்து கங்கா தொட்டி ஓரத்தில் நிற்கும்போதுதான் சித்தப்பா கான்ஹேரியில் படுத்துக்கொண்டு சொன்னது அதே குறள் என்று உறைத்தது. வாய் சின்னது, வயிறு பெரிசு.

அவரிடம் சொன்னேன். "வள்ளுவர் என்ன கான்டிராக்ட் எடுத்தாரு?" என்றார்.

தொட்டித் தண்ணீரில் ஒரு சிப்ஸ் பாக்கெட் மிதந்தது. குடிக்க மனசு வரவில்லை. மரநிழலில் ஒரு அம்மா மண்பானையில் மோர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார், தாக் என்பார்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்தோம். தண்ணீர் எங்கேயிருந்து என்று சித்தப்பா தன் மராத்தியில் கேட்டார். கீழே ஊரிலிருந்து தலைச்சுமையாக ஏற்றுகிறாராம், தினமும். இத்தனை தொட்டி இருக்கே என்றதற்கு, அது பார்க்கிறதுக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

சிவாஜி பிறந்த கட்டடத்தையும் பார்த்தோம். கூட்டம் அங்கேதான். எனக்கு அதில் ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. 1657-ல் ஜுன்னர் நகரத்தைச் சூறையாடிய சிவாஜியால், தான் பிறந்த இந்தக் கோட்டையைக் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. மொகலாயர் கையிலேயே இருந்தது. பேரன் சாஹூ காலத்தில், 1716-ல்தான் மராத்தியரிடம் வந்தது. பிறந்த வீடு கைக்கு வராத கதையைக் கேட்டு, இருபது வருடமாகத் தாராவி மறுசீரமைப்புக் கூட்டங்களுக்குப் போய்வரும் சித்தப்பா பெருமூச்சு விட்டார். "அவருக்கேவா."

கீழே இறங்கும்போது அவருக்கு இன்னொரு செய்தி சொன்னேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவனேரி அதில் ஒன்று. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது எது தெரியுமா? செஞ்சி.

"நம்ம செஞ்சியா? தேசிங்கு ராஜா செஞ்சி?"

அதேதான். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் அங்கே போய் அடைந்துகொள்ள, மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது. அத்தனை வருடம் தாங்கிய மலைக்கும் தண்ணீர்க் கதை இருக்கத்தானே வேண்டும்! செஞ்சியின் ராஜகிரி மலைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் திருநாதர் குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அங்கேயும் துறவி முதலில், சிப்பாய் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்து நாணேகாட் போனோம். இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். ஜுன்னர் ஏன் இத்தனை குகைகளோடு இருக்கிறது என்பதற்குப் பதில் இந்தக் கணவாயில் இருக்கிறது. கொங்கணக் கரையில் இறங்கிய சரக்கு மலையேறி உள்நாட்டுக்கு, சாதவாகனரின் தலைநகரான பைதான் வரைக்கும், போக இதுதான் வழி. கரையில் துறைமுகம் எது? கல்யாண். நான் தினமும் தொங்கிக்கொண்டு போகிற லோக்கலின் கல்யாண். கிரேக்க மாலுமிக் குறிப்பில் பேர் இருக்கிறது, கான்ஹேரியில் தானம் கொடுத்தவர்களிலும் கல்யாண் வியாபாரிகள் இருக்கிறார்கள். கணவாயின் உச்சியில் பெரிய கல்ஜாடி ஒன்று கிடக்கிறது. சுங்கக் காசு போட்ட ஜாடி என்கிறார்கள், நாணே என்றால் நாணயம். பக்கத்தில் ஒரு குகை. அறைகள் இல்லை, மூன்று பக்கமும் திண்ணைதான். சுவரில் சாதவாகன அரசி நாகனிகா செய்வித்த வேள்விகளும், கொடுத்த பசுக்கள், யானைகள், காசுகளும் எண்களோடு வரிசையாக. நம் நாட்டு எண்குறிகளுக்குக் கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று இந்தச் சுவர். எதிரே அரச குடும்பத்தின் உருவங்கள் இருந்திருக்கின்றன. இப்போது மேலே பெயர்கள் மட்டும் மிச்சம், கீழே சிலவற்றுக்குப் பாதம். சிலம்பில் செங்குட்டுவனுக்கு உதவிய நூற்றுவர் கன்னர் இந்தச் சாதகர்ணி வம்சம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பின்னால் வந்த சாதவாகனரின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழ் என்று படித்தவர்களும் உண்டு. நான் இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சித்தப்பா குகைக்கு வெளியே இருந்த தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் திரும்பும் பஸ். மால்ஷேஜ் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. பேச்சுக் கொடுக்கலாம் என்று, சொல்ல மறந்திருந்ததைச் சொன்னேன். ஜுன்னர்க் குகைகளில் யவனர் பேர் மூன்று கல்வெட்டுகளில் வருகிறது. சங்கப் பாடல்களில் மிளகு வாங்க வந்தார்களே, அதே யவனர். ஒருவன் பிக்குகளின் சங்கத்துக்குச் சாப்பாட்டுக் கூடம் செய்துகொடுத்திருக்கிறான். ஒருவன் குகை முகப்புக்குக் கொடுத்தான். இரிலன் என்று ஒருவன், அவன் கொடுத்தது இரண்டு தொட்டி.

ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தவர் திறந்தார்.

"தொட்டியா? சிலை இல்லியா?"

"இல்ல சித்தப்பா. இரண்டு தொட்டி. பேரோட வெட்டியிருக்கு."

கொஞ்ச நேரம் விரல்விட்டு எதையோ எண்ணினார். அவர் போட்ட மாடிகளாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. பஸ் கடைசி வளைவில் இறங்கிச் சமதரைக்கு வந்தது.

"ரெண்டும் இப்ப ஒழுகாம இருக்கா?"

"பாக்கலியே."

"பாத்துருக்கணும்." கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். "இப்ப மார்ச்சுதான், இப்பப் பாத்தாலும் தெரியாது. மே கடைசில வரணும். அப்ப எவ்வளவு நிக்கின்னு பாக்கணும்."